சுனைமலை மடத்துக் குப்பை

சுனைமலை அடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி அஞ்சுகத்தம்மை. வயது நாற்பத்து மூன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த விருத்தகிரிக்கு ஐம்பத்தொன்பது.

விருத்தகிரி நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறு வருடம் ஒரு தோல் பையோடு மடத்துக்கு வந்தார். அம்மை அவர் கையில் அன்னதானக் கூடத்தின் சாவியைக் கொடுத்தார். வேறு உபதேசம் எதுவும் கொடுக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் போயின. பௌர்ணமிதோறும் மலையேற வருகிற மூவாயிரம் பேருக்கு விருத்தகிரி சோறு போட்டார். எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி முடிக்க ராத்திரி ஆகிறதே என்று பளபளக்கும் காகிதத் தட்டுக்கு மாறினார். குடிக்கத் தண்ணீர் பாக்கெட். பந்தி முடிந்த அரைமணி நேரத்தில் கூடம் கழுவித் துடைத்தாகிவிடும். தரையில் ஒரு பருக்கை கிடக்காது.

"மடம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று வந்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க விருத்தகிரிக்குப் பிடிக்கும்.

குப்பையைக் காத்தாயி தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போவார். மடத்துக்குக் கிழக்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதில் கொட்டிவிட்டு வருவார். விருத்தகிரி அந்தப் பக்கம் போனதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. காத்தாயி விளக்குமாறு இல்லாமல் வந்தார். இடுப்பில் ஒரு குடம் இருந்தது. அதை அம்மையின் முன்னால் இறக்கி வைத்தார்.

"என்ன அது, காத்தாயி?"

"எங்க பள்ளக்காட்டுக் கெணத்துத் தண்ணிங்கம்மா. நாலு மாசமா இப்பிடித்தான் வருது."

அம்மை குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். பால் விடாத டீயின் நிறம். மேலே எண்ணெய் விட்டது போல் ஒரு படலம். அழுகல் வாடை.

"இதையா குடிக்கிறீர்கள்?"

"வடிகட்டி, காய்ச்சித்தான் குடிச்சோம். எம் மருமவளுக்கு ஏழு மாசம். வாந்தி நிக்கல. நேத்து ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். டாக்டரம்மா என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கு ஒறைச்சுது."

"என்ன உறைத்தது?"

"குவாரிக்கு நேர் கீழதான் எங்க கெணறு. பதினோரு வருசமா நாந்தான் தள்ளிக்கிட்டுப் போயிக் கொட்டறேன். நானேதான் குடிச்சிருக்கேன்."

அம்மை ஒரு டம்ளரை எடுத்தார். குடத்திலிருந்து ஊற்றினார். வாய்க்குக் கொண்டு போனார்.

காத்தாயி பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டு தூணில் மோதி நின்றது.

மடத்துத் தலைவியை யாரும் தொடுவதில்லை. காத்தாயி தட்டிவிட்ட தன் கையையே பார்த்தார்.

"வெசம்மா அது! குடிக்கப் போறீங்களே!"

"இங்கிருந்து வந்ததுதானே?"

அம்மை, அருகில் நின்றிருந்த விருத்தகிரியின் பக்கம் திரும்பினார்.

"நம் சுனைத் தண்ணீரைப் பள்ளக்காட்டுக்குக் கொண்டு போக எத்தனை நாள் ஆகும்?"

"குழாய் போட்டால் மூன்று நாள், அம்மா. அதுவரை டிராக்டரில் அனுப்பலாம். ஆனால் மடத்துக்குப் போதாது."

"அவர்கள் பிடித்தது போக மீந்தது நமக்கு."

மூன்றாம் நாள் பள்ளக்காட்டில் குழாயில் தண்ணீர் வந்தது. நாற்பது வீடு. மடத்தில் குளியல் ஆளுக்கு ஒரு வாளி என்று குறைந்தது. காத்தாயியின் மருமகளுக்கு மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. எடை போதவில்லை. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது.

அந்தச் செய்தி வந்த அன்றுதான் விருத்தகிரி குவாரிக்குப் போனார்.

பள்ளம் இருக்கும் என்று நினைத்துப் போனார். பள்ளம் எப்போதோ நிரம்பி, இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. மேட்டின் மேல் ஒரு பசுமாடு நின்று காகிதத் தட்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தது. தட்டின் ஓரத்தில் சாம்பார் கறை. அது போன பௌர்ணமி சாம்பார் என்று அவருக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து அம்மையின் முன்னால் நின்றார்.

"அம்மா, இந்தக் குப்பையை என்ன செய்வது?"

"நீங்கள் பொறியாளர். சொல்லுங்கள்."

"மண் போட்டு மூடிவிடலாம். இரண்டடிக்குச் செம்மண். மேலே புங்கன் கன்று வைத்தால் ரெண்டே வருடத்தில் தோப்பாகிவிடும். பார்க்கிறவர்களுக்குக் குப்பை என்றே தெரியாது."

"செய்யுங்கள்."

விருத்தகிரி எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. நாற்பது நடை செம்மண் அடித்தார். உருளை விட்டு இறுக்கினார். அறுபது கன்று நட்டார். பள்ளக்காட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மேட்டின் அடியில் நாலு இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து ஓடையில் இறங்கியது. மழை விட்டது. தை மாதம் மேட்டில் வெடிப்பு விட்டது. வெடிப்புகளிலிருந்து புகை வந்தது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. உள்ளே தானாகவே வெந்துகொண்டிருந்தது. மூன்று நாள் அந்தப் புகை பள்ளக்காட்டின் மேல் படுத்துக் கிடந்தது. கன்றுகள் வேரிலிருந்து கருகின. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரியை வரவழைத்து அணைத்தார்கள்.

விருத்தகிரி சாம்பல் படிந்த சட்டையோடு வந்தார்.

"நான் சரியாகத்தான் மூடினேன், அம்மா."

"சரியாகத்தான் மூடினீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது."

"இனி அங்கே ஒரு பிடி கொட்ட மாட்டேன்."

"நல்லது. எங்கே கொட்டுவீர்கள்?"

இதற்கும் விருத்தகிரியிடம் பதில் இருந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் விசாரித்து வைத்திருந்தார். லாரியும் பேசியிருந்தார்.

"யாருடைய இடம்?"

"ஏரிப் புறம்போக்கு, அம்மா. ஆள் நடமாட்டமே கிடையாது."

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் குப்பை ஏற்றி லாரி வாசலில் நின்றது. ஓட்டுநர் பெயர் சையது. அம்மை மடத்திலிருந்து இறங்கி வந்து முன்பக்கக் கதவைத் திறந்தார்.

"நானும் வருகிறேன்."

சையது பதறிப்போய் இருக்கையைத் துண்டால் தட்டினார். விருத்தகிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வழியில் யாரும் பேசவில்லை. மேட்டில் ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து வாடை முன்னால் வந்தது.

ஏரியில் கால்வாசித் தண்ணீர் இருந்தது. கரையோரம் ஏற்கெனவே யாரோ கொட்டிய குவியல்கள். சையது லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். தொட்டியைத் தூக்கும் கைப்பிடியில் கை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் அம்மை. "சொல்லிவிட்டு வருகிறேன்."

"யாருகிட்டம்மா சொல்லணும்? இங்க யாரு இருக்கா?"

அம்மை இறங்கிக் கரை மேல் நடந்தார். விருத்தகிரி பின்னால் நடந்தார். கருவேலம் புதர்களைத் தாண்டி அரை மைல் போன பிறகு ஒரு குடிசை தெரிந்தது. மேலே நீலத் தார்ப்பாய். பக்கத்தில் மூங்கில் பட்டி. பட்டிக்குள் வாத்துகள். ஒரு பெண் முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். காவி கட்டியவரைப் பார்த்ததும் எழுந்து, சாக்கை உதறி விரித்து, செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அம்மை உட்காரவில்லை. கை கூப்பினார்.

"தாயே, எங்கள் மடத்துக் குப்பை ஒரு லாரி கொண்டு வந்திருக்கிறோம். உங்கள் ஏரியில் கொட்டலாமா?"

அந்தப் பெண் முதலில் விருத்தகிரியைப் பார்த்தாள். பிறகு அம்மையைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தன வருசத்துல இப்பிடி யாரும் வந்து கேட்டதில்லீங்க."

"நாங்கள் கேட்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?"

"கேட்டீங்களே, அதுவே பெரிசு. வேண்டாங்கம்மா. போன வருசம் நாப்பது வாத்து செத்துச்சு. அறுத்துப் பாத்தா வயித்துல பிளாஸ்டிக்கு."

"சரி, தாயே."

அம்மை அந்தச் செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். மீதியை விருத்தகிரியிடம் கொடுத்தார். அவர் குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லாரி வந்த வழியே திரும்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சையது தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"இருபது வருசமா லோடு அடிக்கிறேன். குப்பைய வீட்டுக்குத் திருப்பி ஏத்திக்கிட்டுப் போறது இன்னிக்குத்தாம்மா."

மடத்து வாசலில் நிறுத்தினார். "எங்க எறக்கட்டும்?"

"தியானக் கூடத்துக்கு முன்னால்."

காத்தாயி ஓடி வந்தார். "ஐயோ, சாமி கும்பிடற எடமாச்சே!"

"வேறு இடம் தெரிந்தால் சொல்லுங்கள், காத்தாயி. அங்கே இறக்கலாம்."

காத்தாயி சுற்றிலும் பார்த்தார். லாரியின் தொட்டி உயர்ந்தது. மாசிப் பௌர்ணமி முழுவதும் தியானக் கூடத்தின் முன்னால் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் தியானத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் மறுநாள் ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மை தடுக்கவில்லை.

காலையில் தடித்த கையுறைகள் வந்தன. முகத்துக்குத் துணி வந்தது. அம்மை குவியலின் ஓரம் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தார். விருத்தகிரி எதிரில் உட்கார்ந்தார்.

"எதிலிருந்து ஆரம்பிப்பது, அம்மா?"

"எனக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கேளுங்கள்."

விருத்தகிரி யாரைக் கேட்பது என்று யோசித்தார். பிறகு எழுந்து போய்க் காத்தாயியை அழைத்து வந்தார். இன்னொரு மணை கொண்டு வந்து போட்டார். காத்தாயி தயங்கினார். அம்மையின் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்தார்.

"இதில் என்னென்ன இருக்கும், காத்தாயி?"

காத்தாயி குவியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சோறு, காயி, தேங்கா மட்டை, பூ எல்லாம் பாதிக்கு மேல இருக்குங்க. பந்தியில பாதி பேரு கூட்டுப் பொரியலத் தொடறதே இல்ல. தட்டு, கப்பு, தண்ணிக் கவரு ஒரு வண்டி. பாட்டிலு தனியா எடுத்தா காயலான் கடைக்காரன் வாங்கிக்குவான். அப்பறம் புள்ளைங்களுக்குக் கட்டறது, பொம்பளைங்க வைக்கிறது. அதுதான் ரொம்ப மோசம். ஒடஞ்ச கண்ணாடி வெளக்கும் கெடக்கும், கைய வெச்சா கிழிக்கும். பாத்து எடுங்க."

"இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?"

"யாருங்க கேட்டா?"

ஏழு நாள் பிரித்தார்கள். காத்தாயி சொன்ன கணக்கு ஏறக்குறைய அப்படியே வந்தது. ஏழாம் நாள் தட்டும் கப்பும் கவருமாகக் குவிந்த மலை விருத்தகிரியின் தோளுக்கு வந்தது. அவர் ஒரு தட்டை எடுத்து நகத்தால் சுரண்டினார். காகிதத்தின் மேலிருந்து கண்ணாடி போல் ஒரு தோல் உரிந்து வந்தது.

"இது அத்தனையும் நான் வாங்கிப் போட்டது, அம்மா."

அம்மை கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கழுவாமல் இருப்பதற்காக" என்றார் விருத்தகிரி.

மறுநாள் அவரே ஏணி போட்டுப் பரணில் ஏறினார். எவர்சில்வர் தட்டுகளை இறக்கினார். கூடத்துக்குப் பின்னால் ஒரு வரிசைக் குழாய் போட்டார். சாப்பிட்டவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைக்க வேண்டும் என்று பலகை எழுதினார். கழுவ மறுத்து முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் விட்டுப் போன தட்டுகளை விருத்தகிரி அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து கழுவினார். மூன்றாம் பௌர்ணமிக்கு அவருக்குக் கழுவத் தட்டு மிஞ்சவில்லை.

சோற்றுக்கழிவுக்கு ஓட்டை விட்ட செங்கல் தொட்டிகள் கட்டினார். முதல் தொட்டி நாறியது. புழு நெளிந்தது. அவர் நோட்டில் எதையோ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி எட்டிப் பார்த்தார்.

"ஈரம் சாஸ்தி. சருகு போடுங்க. சாணியக் கரைச்சுத் தெளிங்க. வாரத்துக்கு ஒருக்கா பொரட்டி விடுங்க. மூச்சு விடணும்ல அதுவும்."

நாற்பத்தைந்து நாளில் தொட்டியிலிருந்து கறுகறுவென்று உதிரி மண் வந்தது. விருத்தகிரி ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தார். முதல் மழை பெய்த நிலத்தின் வாசம். அதைப் பள்ளக்காட்டு ஆட்கள் கத்தரிக்குக் கொண்டு போனார்கள்.

பரிமாறுகிற முறையையும் மாற்றினார். சின்னக் கரண்டி. கேட்டால் மறுபடி. தட்டோடு போகிற சோறு பாதியாகக் குறைந்தது. அடுப்பில் ஏறுகிற அரிசியும் குறைந்தது.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. அன்று மட்டும் பத்தாயிரம் பேர் வருவார்கள். முதல் நாள் காலை அரிசி ஆலைக்காரர் தனகோடி ஒரு லாரியோடு வந்து இறங்கினார். மடத்துக்குப் பல வருடமாகச் செய்கிறவர். லாரி நிறையத் தண்ணீர் பாக்கெட். வாசலில் விருத்தகிரி கை நீட்டி மறித்தார்.

"ஐயா, தண்ணீர் மட்டும் போதும்."

"தண்ணிதானே கொண்டாந்திருக்கேன்?"

"தண்ணீரை இந்த அண்டாவில் ஊற்றிவிட்டு உறைகளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்."

தனகோடிக்கு முகம் சிவந்தது. "தர்மம் பண்ண வந்தவன வாசல்லயே மறிக்கிறீங்களா?" விறுவிறுவென்று உள்ளே போய் அம்மையிடம் முறையிட்டார். அம்மை முழுக்கக் கேட்டார்.

"வாசல் அவர் பொறுப்பு" என்றார்.

தனகோடி திரும்பி வந்தார். விருத்தகிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாலு பெரிய அண்டா, இரண்டு கத்தரிக்கோல்.

"உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டச் சொல்றீங்களா?"

"பத்தாயிரம் பேர் வெட்டிப் போட்டால், அவ்வளவையும் நாங்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், ஐயா. நீங்கள் வெட்டினால் ஒரே இடத்தில் கிடக்கும்."

தனகோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வெட்டினார். சட்டை நனைந்துபோயிற்று. ஓர் அண்டாகூட நிரம்பவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"இத எடுத்த எடத்துலயே குடுத்துட்டு, ரெண்டு டேங்கர் தண்ணி சொல்லு."

மறுநாள் பத்தாயிரம் பேரும் டம்ளரில் தண்ணீர் குடித்தார்கள். மோர்ப் பந்தலில் தனகோடியே நின்று ஊற்றினார்.

கடைசியில் எதற்கும் உதவாத ஒரு சின்னக் குவியல் மாதா மாதம் மிஞ்சியது. பிஸ்கட் உறை, விபூதிக் கவர், நைலான் நூல், மருந்து அட்டை. அதை எங்கே வைப்பது என்று விருத்தகிரிக்குத் தெரியவில்லை. அம்மை தன் அறைக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். மூட்டைகள் அங்கே அடுக்கப்பட்டன. தினமும் காலையில் அம்மை அவற்றைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். எட்டாவது மூட்டை வந்தபோது விருத்தகிரிக்கு அது பொறுக்கவில்லை. நான்கு மாவட்டம் அலைந்தார். இப்படிப்பட்டதைச் சூளையில் எரிபொருளாகப் போட்டுக்கொள்கிற சிமெண்ட் ஆலை ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். குழந்தைகளுக்குக் கட்டுவதும் பெண்கள் வைப்பதும் தனிப் பையில் நகராட்சி வண்டிக்குப் போயின.

அடுத்த தை பிறந்தது. விருத்தகிரி அம்மையின் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

"அம்மா, போன பௌர்ணமிக்கு மூவாயிரத்து இருநூறு பேர் சாப்பிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு சாக்கு. இனி இந்த மடத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை."

"அப்படியா?"

"ஆமாம், அம்மா."

அம்மை எழுந்தார். மணல் சலிக்கும் சல்லடை ஒன்றை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். காத்தாயி மண்வெட்டியோடு அங்கே காத்திருந்தார். எப்போது பேசி வைத்தார்கள் என்று விருத்தகிரிக்குத் தெரியாது.

குவாரி மேடு அப்படியே இருந்தது.

அந்த மேட்டைக் கரைக்க மூன்று கோடை ஆயிற்று. விருத்தகிரி ஒரு பழைய டிராக்டர் என்ஜினில் உருளைச் சல்லடை பூட்டினார். பள்ளக்காட்டிலிருந்து முறை வைத்து ஆட்கள் வந்தார்கள். சையது லாரி கொண்டு வந்தார். சலித்த மண் பயிருக்கு ஆகாது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அது சாலைக்கரை நிரப்பப் போயிற்று. பிளாஸ்டிக் சூளைக்குப் போயிற்று. கல்லும் ஓடும் கண்ணாடியும் தனித்தனியாகப் போயின. நான்காம் வருடம் குவாரியின் பாறை வெளியே தெரிந்தது. அதன் பிறகு பள்ளக்காட்டுக் கிணற்றை இறைத்துக் கொட்டினார்கள். ஊற ஊற இறைத்தார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து, குடிக்கலாம் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது.

ஆனால் அந்த முதல் நாள், சல்லடையும் மண்வெட்டியும் மூன்று பேரும் மட்டும் மேட்டின் முன்னால் நின்றபோது, விருத்தகிரி சல்லடையைத் தொடவில்லை. மேட்டை அடியிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்தார்.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"இது பதினோரு வருடக் குப்பை. நான் கொட்டச் சொன்னது நாலு வருடக் குப்பை."

"ஆமாம்."

"நான் வருவதற்கு முன்னால் கொட்டியதையும் நான்தான் அள்ள வேண்டுமா?"

நியாயமான கேள்விதான் என்பது போல் அம்மை தலையசைத்தார். காத்தாயியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். கறுத்த மண்ணும் தட்டும் கவரும் நூலும் எலும்பும் ஒரே கட்டியாகச் சரிந்து மூவர் காலடியிலும் விழுந்தன.

மண்வெட்டியை விருத்தகிரியிடம் நீட்டினார்.

"உங்களுடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை நான் அள்ளுகிறேன்."